வண்டிக் கேள்வி

டமார் என்று தகரக் கூரைமேல் ஒரு சத்தம்.

அடுக்களையில் சேம்பங்கிழங்கு துருவிக்கொண்டிருந்த நமொண்டோ துருவியைப் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தாள். அவள் மகன் மொலுவா வாயில் வைத்த பல்குச்சியோடு தரையில் குப்புறப் படுத்தான். சீலைத் திரைக்கு அந்தப் பக்கம், மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனங்கா மட்டும் அசையவில்லை. ரொட்டர்டாமிலிருந்து ஒரு மனிதர் திரையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. துப்பாக்கியா என்று கேட்டார்.

"இல்ல சார், வெண்ணெய்ப்பழம். மரம் கூரைமேல சாய்ஞ்சு நிக்குது. ஆகஸ்ட் மாசம்னா விழுந்துகிட்டேதான் இருக்கும்" என்றாள் எனங்கா.

அவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். வேண்டுமானால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்றாள் எனங்கா. இன்னொரு நாள் கரண்ட் இருக்குமா, நெட் இருக்குமா, தனக்கு இந்தத் தைரியம்தான் இருக்குமா, யார் கண்டது?

அன்று திங்கட்கிழமை. திங்களென்றால் புவேயா நகரில் ஆயுதக்காரர்கள் உத்தரவுப்படி ஊரடைப்பு. பல வருஷமாக அப்படித்தான். கடை திறக்காது, வண்டி ஓடாது, ரோட்டில் நாய்தான் நடக்கும். மலையிலிருந்து இறங்கிய பனி அவர்கள் இருந்த மொலிக்கோ பகுதியின் கூரைகளை மூடிக் கிடந்தது. விட்டுவிட்டு மழை. திங்கள் பத்து மணிக்கு நேர்காணல் என்று அந்த மென்பொருள் நிறுவனத்திலிருந்து தகவல் வந்தபோது எனங்கா மறுக்கவில்லை. தேதியை மாற்றச் சொல்கிறவள் தொந்தரவு பிடித்தவள் என்று நினைத்துவிடுவார்களே. ஏற்கெனவே நாலு இடத்தில் தோற்றிருந்தாள். இது ஐந்தாவது. வயது இருபத்தேழு. அம்மா நமொண்டோ மைல் பதினேழு என்கிற வண்டிப் பேட்டையில் பத்தொன்பது வருஷமாக பஃப்பஃப் என்கிற மாவுருண்டை பொரித்து விற்கிறாள். அண்ணன் மொலுவா அதே பேட்டையில் வண்டிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன். இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து வாரத்தில் பாதி நாள் வீட்டில் கிடக்கிறான். இந்த வேலை கிடைத்தால் வீடு நிமிரும். கிடைக்காவிட்டால் அம்மாவின் எண்ணெய்ச் சட்டிதான் கதி.

ஹெட்போனில் ஒரு காது செத்து, மறு காதும் கரகரத்ததால் எனங்கா அதைக் கழற்றி வைத்திருந்தாள். அதனால் ரொட்டர்டாம்காரரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. அவர் கேள்வியைச் சொன்னார். பயிற்சியில் பழகியபடி எனங்கா அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சத்தமாகச் சொன்னாள். ஒரு வண்டிப் பேட்டை. ஒவ்வொரு வண்டியும் வருகிற நேரம், கிளம்புகிற நேரம் கொடுத்திருக்கிறது. எந்த வண்டியும் வெளியே காத்து நிற்காமல் இருக்கக் குறைந்தது எத்தனை நிறுத்தும் இடம் வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க நிரல் எழுத வேண்டும்.

திரைக்கு இந்தப் பக்கம் நமொண்டோவும் மொலுவாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மொலுவா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான்.

இந்த நேர்காணல்களில் வாயை மூடிக்கொண்டு யோசிக்கக் கூடாது. மண்டைக்குள் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எனங்கா சொன்னாள். முதலில் ஒவ்வொரு வண்டியையும் மற்ற எல்லா வண்டியோடும் ஒப்பிடலாம் என்றாள். லட்சம் வண்டி இருந்தால் என்று அவர் கேட்டார். அத்தனையையும் ஒப்பிட்டு முடிக்க நேரமே போதாது. பிறகு ஒரு வழி தெரிந்தது. வருகிற நேரங்களை ஒரு வரிசையாகவும் போகிற நேரங்களை ஒரு வரிசையாகவும் அடுக்கி, ஒன்று வந்தால் ஒன்று கூட்டி, ஒன்று போனால் ஒன்று குறைத்து, எப்போது எண்ணிக்கை உச்சத்தில் இருக்கிறதோ அதுதான் விடை. எழுதியும் முடித்தாள். ஒரு வண்டி கிளம்புகிற அதே நிமிஷத்தில் இன்னொன்று வந்தால் எதை முதலில் எண்ணுவீர்கள் என்று அவர் கேட்டபோதுதான் அவள் அதை யோசிக்கவே இல்லை என்பது தெரிந்தது. அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

கடைசியில், உங்களுக்குக் கேள்வி ஏதாவது உண்டா என்றார். எத்தனை பேரை எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள் எனங்கா. இந்த முறை ஒருவர்தான் என்றார் அவர். புதன்கிழமை இன்னொருவரைப் பார்க்கிறேன், பிறகு எழுதுகிறேன் என்று சொல்லித் திரையிலிருந்து மறைந்தார்.

அந்த இன்னொருவர் யார் என்று எனங்காவுக்குத் தெரியும். இதே வீட்டின் பின்னறையில் மூன்று வருஷமாக இருக்கிற யென்லாதான்.

வடக்கே கும்போவில் சண்டையில் வீடு எரிந்த பிறகு, ஒரு பையும் பல்கலைக்கழக மதிப்பெண் தாளுமாக இறங்கி வந்தவள் யென்லா. நமொண்டோவின் அடுப்புக்கு மாவு பிசைந்து கொடுத்தாள், தோட்டத்தில் களை எடுத்தாள், எனங்காவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். எனங்காவுக்குத் தெரிந்ததில் பாதி யென்லா சொல்லிக்கொடுத்ததுதான். சனிக்கிழமைகளில் ஐந்து பேர் இந்த வீட்டில் கூடிப் பயிற்சி செய்வார்கள். ஒருவர் பரீட்சை வைப்பார், ஒருவர் பதில் சொல்வார், மற்றவர்கள் குறை சொல்வார்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. நேர்காணல் முடித்து வெளியே வருகிறவர் தண்ணீர் குடிக்கும் முன் கேட்ட கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். ஆஷு என்கிற பையன் அதை நீள நோட்டில் எழுதி வைப்பான். கேள்வியை வெளியே சொல்ல மாட்டேன் என்று கம்பெனிக்கு ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். அதற்காக அவர்களில் யாரும் தூக்கம் கெட்டதில்லை. எனங்கா எழுதிப் பழகிய கேள்விகளில் மூன்று, யென்லா தோற்றுவிட்டு வந்து சொன்னவை.

அன்று காலை எனங்கா மேசைமுன் உட்கார்ந்ததும் யென்லா குடையும் களைக்கொட்டுமாகப் பின்பக்கச் சேம்புத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். மழையில் எங்கே போகிறாய், உள்ளேயே இரு என்று நமொண்டோ தடுத்தாள்.

"வேணாம் ஈயா. காதுல விழுந்தா திருடின மாதிரி. அவளா வந்து சொன்னா அது வேற" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனங்காவைப் போலவே அவளும் நமொண்டோவை ஈயா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒன்றரை மணி நேரம் மழையில் நின்றிருக்கிறாள். இப்போது முழங்கால் வரை கரிய சேற்றோடு பின்வாசலில் வந்து நின்றாள். தலைத்துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தாள்.

"தண்ணி குடிச்சுட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப சொல்லு."

எனங்கா அவளைப் பார்த்தாள். இந்த வண்டிக் கேள்வி இவள் கையில் கிடைத்தால் பத்து நிமிஷம். ஒரே நிமிஷத்தில் வந்து போகிற வண்டியையும் கேட்காமலே சொல்லிவிடுவாள். ஒரே ஒரு இடம்.

"மரம்" என்றாள் எனங்கா.

அவள் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை, மேலே மேலே வந்தது. ஒரு பெரிய வம்சாவளி மரம், அதில் இரண்டு பேரைக் காட்டி, இரண்டு பேருக்கும் பொதுவான மிக நெருங்கிய மூதாதை யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். நன்றாகச் செய்தாயா என்று கேட்டாள் யென்லா. ஏதோ செய்தேன் என்றாள்.

அடுக்களையில் துருவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு க்வாகோகோ. துருவிய சேம்பை வாழையிலையில் கட்டி அவித்து, பனங்கொட்டைக் குழம்போடு வைத்தாள் நமொண்டோ. புகைபோட்ட மீனில் பெரிய துண்டை எடுத்து யென்லாவின் தட்டில் வைத்தாள். அது எப்போதும் மொலுவாவுக்குப் போகிற துண்டு. மொலுவா தட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு பேச்சை ஆரம்பித்தான்.

"என்னைக் கேட்டிருந்தா அந்த வெள்ளக்காரனுக்கு ஒரு நொடியில சொல்லிருப்பேன். நம்ம பேட்..."

"மொலுவா, உப்பு எடுத்துட்டு வா."

"உப்பு உன் கையிலதான இருக்கு."

"வேற உப்பு."

மொலுவா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான். திரும்பி வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். யென்லா வாய் நிறைய மென்றுகொண்டு, மூட்டை தூக்குறவங்க எல்லாம் இப்ப வம்சாவளி கணக்கு போட ஆரம்பிச்சுட்டாங்களா என்று அவனைச் சீண்டினாள். யாரும் சிரிக்கவில்லை. இடுப்பு வலி போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நமொண்டோ பேட்டைக்குப் போய்விட்டாள். யென்லா நாற்காலியை இழுத்துப் போட்டு எனங்காவை எதிரில் உட்காரச் சொன்னாள். நீதான் ரொட்டர்டாம், கேள் என்றாள். அவர் எப்படிக் கேட்டாரோ அப்படியே வேண்டுமாம். குரல், இடைவெளி, முகம் எல்லாம்.

எனங்கா கேட்டாள். கேட்கக் கேட்க அந்தப் பொய்க்கு உடம்பு வந்தது. மரம் ஒரு பக்கமே வளர்ந்திருந்தால்? இரண்டு பேரில் ஒருவர் மரத்தில் இல்லாவிட்டால்? ஒருவரே இன்னொருவரின் மூதாதையாக இருந்தால்? இல்லாத கேள்விக்கு அவள் அவ்வளவு நுணுக்கமாகக் குறுக்குக் கேள்வி போட்டாள். நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் தப்பு கொஞ்சம் குறையும் என்பது போல உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தாள். யென்லா பழைய காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் மரமாக வரைந்தாள். மதியத்துக்கு வேகவைத்த வாழைக்காயும் நேற்றைய குழம்பும். அதையும் நோட்டைப் பார்த்துக்கொண்டே தின்றாள். வேறு ஏதாவது கேள்வியும் பார்த்துக்கொள்ளேன் என்று எனங்கா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பேட்டை, வண்டி மாதிரி ஏதாவது என்று நாக்கு நுனி வரை வந்தது.

"எதுக்கு? போன வாரம் ஆஷு இன்டர்வியூ போன கம்பெனியில அவனுக்கும் இன்னொருத்தனுக்கும் ஒரே கேள்விதான கேட்டான். நீ எனக்குக் கதவத் தொறந்து வச்சுட்ட. நான் ஜன்னல் ஏறிக் குதிக்கணுமா?" என்றாள் யென்லா.

பொழுது சாய நமொண்டோ திரும்பி வந்தாள். பாதி மாவு விற்கவில்லை. மழை என்றாள். எண்ணெய்ச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். எனங்கா தண்ணீர் ஊற்றினாள். பின்னறையில் யென்லா போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"என் பேட்டையப் பத்தித்தான அந்த ஆளு கேட்டான்?" என்றாள் நமொண்டோ, தலையைத் தூக்காமல்.

எனங்கா இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

"எனக்கு உங்க கம்ப்யூட்டர் தெரியாது. வண்டி தெரியும். வர்ற நேரம், போற நேரம், எத்தன இடம் வேணும். நீ வாய்விட்டு மூணு தடவ சொன்ன. மரம்னு ஒரு தடவ சொல்லல."

"ஒரே ஒரு இடம்தான் ஈயா."

"அதையும் கேட்டேன்."

"அவ என்னைவிடக் கெட்டிக்காரி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான மொலுவாவ உப்புக்கு அனுப்புனேன்." சட்டியைத் தேய்த்த கை நின்றது. "பெத்தவ புத்தி. அந்த நேரம் அப்படிப் போயிருச்சு. நேத்துலேர்ந்து அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து என்னால பேச முடியல. மீன்துண்ட எடுத்து அவ தட்டுல போட்டேன். மீனப் போட்டு என்னத்தடி மூடறது?"

"நீயே சொல்லிருக்கலாம்ல?"

"நான் சொன்னா நீ பொய்க்காரி. நீயா போய்ச் சொன்னா, பயத்துல வாய் தவறிருச்சுன்னு ஆகும். போ. இப்பவே போ. விடியறதுக்குள்ள அவ படிச்சுருவா."

எனங்கா கையைத் துடைத்துக்கொண்டு பின்னறை வாசலுக்குப் போனாள். கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து கும்போவில் இருக்கும் தன் அம்மாவிடம் யென்லா பேசிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் எனங்காவுக்கு அவர்கள் ஊர் மொழி பாதி புரியும். பயம் இல்லை, எனங்கா கேள்வியைச் சொல்லிவிட்டாள், இன்றைக்கு முழுக்க என்னோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனங்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போனை நீட்டினாள்.

"அம்மா உன்கிட்ட பேசணுமாம்."

மறுமுனையில் ஒரு கிழட்டுக் குரல் இருமியது. உன் வயிறு குளிரட்டும், உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், என் மகளுக்கு அங்கே யாரும் இல்லை என்று அழுதுகொண்டிருந்தேன், கடவுள் உன்னை வைத்திருக்கிறார் என்றது. எனங்கா "சரிம்மா, சரிம்மா" என்றாள்.  போனைத் திருப்பிக் கொடுத்தாள். என்ன விஷயமாக வந்தாய் என்று யென்லா கேட்டாள். நாளைக்கு என் நீலச் சட்டையைப் போட்டுக்கொள், கேமராவில் எடுப்பாக இருக்கும் என்றாள் எனங்கா.

அடுக்களைக்குத் திரும்பியபோது அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எனங்கா சட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். சொல்லவில்லை என்று நமொண்டோவுக்குப் புரிந்தது.

புதன் காலையில் நல்ல மழை. ஊர் திறந்திருந்தும் நமொண்டோ பேட்டைக்குப் போகவில்லை. மாவும் பிசையவில்லை. அடுப்பு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். மொலுவா வாசல் பக்கம் ஒரு கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். யென்லா நீலச் சட்டையில் மேசைமுன் உட்கார்ந்தாள். கழற்றிய ஹெட்போனை ஓரமாகத் தள்ளினாள். எனங்கா களைக்கொட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினாள். இரண்டு வரிசை களை எடுத்தாள். எடுத்தது களையா சேம்பா என்று தெரியவில்லை. களைக்கொட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, பின்சுவரில் ஜன்னல் பலகைக்குக் கீழே தாழ்வாரத்தில் ஒண்டி நின்றாள். அவர் வேறு கேள்வி கேட்கட்டும். இந்த உலகத்தில் ஆயிரம் கேள்வி இருக்கிறது. அதில் ஏதாவது ஒன்றைக் கேட்கட்டும்.

யென்லாவின் குரல் கேட்டது. கேள்வியைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னாள். ஒரு வண்டிப் பேட்டை என்று ஆரம்பித்தாள். வருகிற நேரம் என்றாள். கிளம்புகிற நேரம் என்றாள். எத்தனை நிறுத்தும் இடம் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. மழைதான் தகரத்தில் கொட்டியது. வாயை மூடிக்கொண்டு யோசிக்காதே என்று ஐந்து பேரையும் திட்டித் திட்டிப் பழக்கியவள் அவள்தான். அவள் வாய் மூடிக் கிடந்தது.

ஏதாவது சிக்கலா என்று ரொட்டர்டாம்காரர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். வேற ஒண்ண நினைச்சுகிட்டு இருந்துட்டேன். ஒரு நிமிஷம் குடுங்க."

அந்த ஒரு நிமிஷம் நீண்டுகொண்டே போனது. பிறகு ஆரம்பித்தாள். ஒவ்வொரு வண்டியையும் மற்ற எல்லா வண்டியோடும் ஒப்பிடலாம் என்றாள். எனங்கா போன அதே தப்பு வழி. எனங்கா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பாதி நேரம் போன பிறகு யென்லா அதை அழித்துவிட்டு வேறு வழி பிடித்தாள். சரியான வழிதான். ஒரே நிமிஷத்தில் வந்து போகிற வண்டியையும் அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆனால் எழுத்து முடியவில்லை. கடைசி வரிகளை வேகவேகமாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. நேரம் முடிந்தது, மன்னிக்கவும் என்றார் அவர். நன்றி சார் என்றாள் அவள்.

எனங்கா பின்வாசல் வழியாக உள்ளே வந்தபோது வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். நேர்காணல் முடிகிற நேரத்துக்குக் கூட்டாளிகள் வந்து நிற்பது வழக்கம். ஆஷுவும் மற்ற இரண்டு பேரும் அப்போதுதான் வந்து குடையை உதறிவிட்டு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஷு நோட்டைத் திறந்து மடியில் வைத்திருந்தான். திங்கட்கிழமைப் பக்கத்தில் எனங்காவின் பெயர் போட்டு, மரம் என்று அவள் போனில் சொன்னதை எழுதியிருந்தான். பொய்க் கேள்வி சொன்னவருக்கு இந்தக் கூட்டத்தில் இடம் இல்லை என்பது முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதை எழுதச் சொன்னவர்களில் எனங்காவும் ஒருத்தி.

திரையை விலக்கிக்கொண்டு யென்லா வெளியே வந்தாள். மொலுவா ஒரு கோப்பைத் தண்ணீரோடு எழுந்து, அவளிடம் நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றான். நமொண்டோ அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யென்லா எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். அடுப்பு முன்னால் இருந்த நமொண்டோவின் குனிந்த தலையைப் பார்த்தாள். மொலுவா பாதி நீட்டிய கோப்பையைப் பார்த்தாள். பின்வாசலில் நின்ற எனங்காவிடம் வந்து கண் நின்றது. வெகு நேரம் நின்றது.   களைக்கொட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆஷு பேனாவைத் தட்டினான். ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதானா, இல்லை வேறு ஏதாவதா என்று கேட்டான்.

யென்லா மொலுவாவின் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"மரம்தான் கேட்டாங்க. எனங்கா சொன்ன அதே கேள்விதான். எனக்குத்தான் பாதியில மறந்துபோச்சு, எழுதிக்கோ."